கற்பனை நாட்டுக்கு நிலம் அமைத்தல்

மூணாற்றை அடுத்த பள்ளிவாசல் மலைச்சரிவை நினைவிற் கொள்வோம். கண்ணுக்கெட்டிய தொலைவும் தேயிலையே. ஒரே உயரம், ஒரே பசுமை. ஆயினும் அக்காட்சி சலிப்பதில்லை. காரணம் யாது? இடையே நெளியும் நடைபாதை, குறுக்கிடும் பாறை, ஆங்காங்கு நிற்கும் சில்வர் ஓக் மரம், சரிவின் ஏற்ற இறக்கம் ஆகியவை ஓரிடத்தைப்போல் மற்றோரிடம் இராதவாறு செய்துவிடுகின்றன.

கணினியிற் கற்பனை நாடுகளுக்கு வரைபடம் தீட்டும் நம் இளைஞர் கற்க வேண்டிய பாடம் இதுவே. கதைக்கோ விளையாட்டுக்கோ வரையும் அப்படத்தின் அடியில், தாள், மணல், புல்வெளி போன்ற பின்னணி பரவியிருக்கும். அதனை முழுவதும் கையால் தீட்டுதல் அரிது. ஆகவே சிறு சதுரமொன்றை அமைத்துத் தரைக்கல் பதிப்பதுபோல் அடுக்குவர். அங்கு இரு குறைகள் நேரும்: சதுரங்கள் கூடுமிடத்திற் கோடு தெரியும், ஒரே கறை வரிசை வரிசையாகத் தோன்றும். அக்கணமே நாடு மறைந்து, கட்டம் எஞ்சும்.

முதற்குறையை நீக்குவது எளிது. 1024 பிக்சல் நீள அகலமுள்ள சதுரத்தை இரு திசையிலும் 512 பிக்சல் நகர்த்த வேண்டும். ஒருபுறம் வெளியேறும் பகுதி மறுபுறம் நுழையும். முன்பு நடுவில் அடுத்தடுத்திருந்த பகுதிகளே இப்போது எதிரெதிர் ஓரங்களாவதால், அவை தாமே பொருந்தும். பழைய ஓரங்களோ நடுவிற் கூட்டல் குறிபோற் சந்திக்கும். அத்தழும்பை அதே படத்தின் வேறு பகுதிகளைக் கொண்டு மறைத்து, மீண்டும் நகர்த்திச் சரிபார்த்தல் நன்று. கிம்ப், கிரிட்டா என்னும் இலவச மென்பொருள்களே இதற்குப் போதும்.

இரண்டாங்குறை நுண்ணியது. கண்ணைப் பற்றும் கறைகளை முதலில் அகற்றல் வேண்டும். மேகமூட்டமான நாளில் எடுத்த படமாயின் ஒளி ஒருசீராக அமையும். அடுத்து, தாளக் கணக்கொன்று உதவும். ஏழட்சரத் தாளமும் ஒன்பதட்சரத் தாளமும் ஒருங்கே தொடங்கினால், 63 அட்சரங்களுக்குப் பின்னரே மீண்டும் கூடும். அவ்வாறே 700 பிக்சல் சதுரங்களின்மேல் 900 பிக்சல் சதுரங்களை அடிப்படம் தெரியும்படி மெல்லியதாகப் பரப்பினால், 6300 பிக்சலுக்குப் பின்னரே அதே சேர்க்கை மீளும். இறுதியாக, மலைச்சரிவின் ஏற்ற இறக்கம்போல, பெரிய நிழல்களும் வெளிச்சங்களும் வேண்டும். அவற்றைக் கையாலும் தீட்டலாம். கென் பெர்லின் 1980களில் வகுத்து, 1997-இல் ஆஸ்கர் தொழில்நுட்ப விருது பெற்ற கணக்கு முறையாலும் ஆக்கலாம்.

அன்பர்களே, இத்தகைய வரைபடங்கள் பலவற்றின் அடியில் ஐரோப்பியப் பழந்தோலின் சாயலையே காண்கிறோம். ஊரைப் பிரிந்து வாழும் நம் பிள்ளைகள், கற்பனை நாட்டையும் இரவல் தாளிலா வரைய வேண்டும்? ஊருக்குச் செல்லுங்கால் செம்மண் சுவரையும், பனையோலையையும், ஆற்று மணலையும் படமெடுத்து வரட்டும். அவற்றின்மேல் எழும் நாடு கற்பனையாயினும், அதன் நிலம் நம்முடையதாகும்.