பெயின்ட் அடிக்குமுன் பதிவு எண்ணைப் பாருங்கள்

ஒவ்வோர் ஆண்டும் தடைக்காலம் வந்தால் போதும், கரையில் கவிழ்ந்து கிடக்கும் பழைய ஃபைபர் படகுகளுக்கு விலை கேட்டு ஆள் வந்துவிடும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் தொழிலுக்குப் போவதில்லை. லாஞ்சில் பங்குக்குப் போகும் பையன்களுக்கு அப்போதுதான் சொந்தப் படகு ஆசை வருகிறது. ஆசை நியாயமானது. புதுப் படகும் புது இன்ஜினும் வாங்கப் பணம் இல்லாதவர் பழசை வாங்கி, ரெசின் வைத்து, இன்ஜினைப் பிரித்துப் பூட்டி ஓட்டுவதில் தவறே இல்லை. ஆனால் வேலையைத் தலைகீழாகச் செய்கிறார்களே, அதைப் பார்த்துத்தான் வயிறு எரிகிறது. முதலில் முன்பணம், அடுத்து ரெசின், அப்புறம் பெயின்ட், எல்லாம் முடிந்த பிறகு காகிதம்.

கடலூர்ப் பக்கம் ஓர் இளைஞர் மனைவியின் நகையை அடகு வைத்துப் படகும் இன்ஜினும் வாங்கினார். இரண்டு மாதம் வெயிலில் நின்று பின்பலகையை மாற்றினார், அடியில் புதிதாகக் கண்ணாடி இழை மேட் ஒட்டினார், நீலம் அடித்து அம்மா பெயரை எழுதினார். பெயர் மாற்றப் போனபோதுதான் பதிவு இறந்துபோன ஒருவரின் பெயரில் இருப்பது தெரிந்தது. விற்றவர் அவருடைய மருமகன். வாரிசுகள் மூன்று பேர், அதில் ஒருவர் வெளிநாட்டில். இருபது ரூபாய் பத்திரத்தில் மருமகன் போட்ட கையெழுத்துக்கு எந்த மதிப்பும் இல்லை. படகு கரையேறிவிட்டது, வட்டி மட்டும் ஓடுகிறது. இதே கதையை ஊர் பெயரை மட்டும் மாற்றி எத்தனை முறை கேட்பது?

தமிழ்நாட்டுக் கடலில் மீன்பிடிக்கும் படகைத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம், 1983-இன்படி பதிவு செய்ய வேண்டும். 2008 மும்பைத் தாக்குதலுக்கு வந்தவர்கள் ஒரு மீன்பிடிப் படகைக் கடத்தித்தான் வந்தார்கள். அதன் பிறகு பதிவு முறை நாடு முழுவதும் ஒன்றாக்கப்பட்டு, ரியல்கிராஃப்ட் என்ற இணையதளத்துக்குள் வந்துவிட்டது. படகின் பக்கவாட்டில் 'ஐஎன்டி-டிஎன்' என்று தொடங்கும் எண் அதுதான். நடுவில் 'எம்எம்' என்றிருந்தால் விசைப்படகு, 'எம்ஓ' என்றிருந்தால் இன்ஜின் பொருத்திய நாட்டுப்படகு. வரலாறு இவ்வளவு போதும்.

நீங்கள் போக வேண்டிய இடம் மீன்வளம் மற்றும் மீனவர் நலத்துறை உதவி இயக்குநர் அலுவலகம். மீன்துறை ஆய்வாளரைத் தெருவில் பார்த்துக் கேட்டால் போதாது. பழைய படகுக்கு விலை பேசிய அன்றே பதிவு எண்ணைப் படம் பிடித்துக்கொண்டு அந்த அலுவலகத்துக்குப் போங்கள். பதிவு யார் பெயரில் இருக்கிறது, நடப்பில் இருக்கிறதா, ரத்தாகிவிட்டதா, பதிவில் உள்ள நீளமும் இன்ஜின் எண்ணும் என்ன, கடன் அல்லது மானியம் ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். விற்பவரையும் கூடவே அழைத்துப் போங்கள். வர மறுத்தால் அந்தப் படகை மறந்துவிடுங்கள்.

விற்பவரிடம் வாங்க வேண்டியவை: அசல் பதிவுச் சான்று, அவருடைய ஆதார், மீனவர் அடையாள அட்டை நகல், இன்ஜின் வாங்கிய ரசீது. கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ கடன் வாங்கிய படகு என்றால் கடன் பாக்கி இல்லை என்ற சான்று. பதிவுதாரர் இறந்திருந்தால் தாசில்தார் கொடுக்கும் வாரிசுச் சான்று. அதில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் சம்மதித்துக் கையெழுத்திட வேண்டும். வாரிசுச் சான்றுக்கு இ-சேவை மையத்திலேயே விண்ணப்பிக்கலாம். விற்பனைப் பத்திரத்தில் 'ஒரு ஃபைபர் போட்டும் இன்ஜினும்' என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். அப்படி எழுதாதீர்கள். பதிவு எண், நீளம், இன்ஜின் நிறுவனம், குதிரைத்திறன், இன்ஜின் எண் அத்தனையும் எழுதுங்கள். விலையில் ஒரு பகுதியை, பெயர் மாறிய பிறகு தருவதாக அதே பத்திரத்தில் எழுதி நிறுத்தி வையுங்கள். ஊர்ப் பஞ்சாயத்தார் சாட்சிக் கையெழுத்து நல்லது. ஆனால் அது அலுவலகப் பெயர் மாற்றத்துக்கு ஈடாகாது. முழுப் பணத்தையும் முதலிலேயே கொடுத்துவிட்டால் அதற்குப் பிறகு விற்றவர் உங்களுக்காக அலுவலகத்துக்கு நடக்க மாட்டார்.

இன்ஜின் எண்ணைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவுட்போர்டு இன்ஜினில், படகோடு மாட்டும் கிளாம்ப் பகுதியில் சின்னத் தகடோ ஒட்டியோ இருக்கும். அதில் மாடலும் எண்ணும் இருக்கும். அந்த இடம் தேய்க்கப்பட்டிருந்தால், புதிதாகப் பெயின்ட் அடித்து மறைக்கப்பட்டிருந்தால், தகடே பிடுங்கப்பட்டிருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். கரையில் இன்ஜின் திருட்டு புதிதல்ல. திருட்டு இன்ஜின் உங்களிடம் பிடிபட்டால் கொடுத்த காசும் போகும், திருட்டுப் பொருளை வைத்திருந்ததாக வழக்கும் வரும். மானியத்தில் வாங்கிய இன்ஜின் என்றால், கொடுத்த ஆணையில் உள்ள நிபந்தனையைப் படித்துப் பாருங்கள். விற்கத் தடை இருந்தால் மானியத்தைத் திருப்பிக் கட்டச் சொல்லி வரும் கடிதம் கடைசியில் உங்கள் தலையில்தான் விழும்.

காகிதம் சரியென்றான பிறகு படகைத் தொடுங்கள்.

2004 சுனாமிக்குப் பிறகு நம் கரைகளில் ஃபைபர் படகுகள் குவிந்தன. அவசரத்தில் கட்டியவை பல. கைமாறிக் கைமாறி வருகிற அந்தக் காலப் படகுகளில் வெளிப்பூச்சு பளபளப்பாக இருக்கும், உள்ளே மரம் மட்கிப் போயிருக்கும். இன்ஜின் மாட்டும் பின்பலகையில் முழுப் பாரமும் இருக்கிறது. சுத்தியலின் மரக் கைப்பிடியால் அங்குலம் அங்குலமாகத் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் உறுதி, 'தொம்' என்று மந்தமாகக் கேட்டால் உள்ளே ஊறியிருக்கிறது. இன்ஜினை மாட்டி அதன் காலைப் பிடித்து அழுத்தும்போது பலகை வளைந்து கொடுத்தால் மேலே மேட் ஒட்டி ஏமாற்ற முடியாது. மரத்தை வெட்டி எடுத்து மாற்றத்தான் வேண்டும். அடுத்து மணலில் உரசி உரசித் தேயும் ஏராவைப் பாருங்கள். மிதப்பு அறைகளைத் திறந்து பாருங்கள். படகு கவிழ்ந்தாலும் மூழ்காமல் பிடித்துக்கொள்ள உதவுவது அந்த அறைகள். அதற்குள் தண்ணீர் தேங்கியிருந்தால், ஃபோம் ஊறிக் கனத்திருந்தால், அது உயிர் காக்காது. அங்கே தெர்மாகோலை அடைத்து மேலே ரெசின் ஊற்றுவதும் வீண்வேலை. பாலியெஸ்டர் ரெசின் பட்டால் தெர்மாகோல் கரைந்துவிடும்.

விரிசலின் மேல் மேட்டை ஒட்டிவிட்டால் பழுது சரியாகாது. ஈரம் முழுக்கக் காய வேண்டும். உடைந்த இடத்தைச் சுற்றி, சுவர் எவ்வளவு தடிமனோ அதைப்போல் ஏறக்குறைய 12 மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்த்து, பிறகு அடுக்கடுக்காக மேட் வைக்க வேண்டும். தேய்க்கும்போது கண்ணாடி இழைத் தூசி பறக்கும். துண்டை வாயில் கட்டிக்கொண்டால் போதாது; நல்ல முகமூடி, கண்ணாடி, முழுக்கைச் சட்டை வேண்டும்.

இதை இரண்டு முறை சொல்கிறேன். ரெசினை இறுக வைக்கச் சேர்க்கும் கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் ஒரே டப்பாவில் நேராகக் கலக்காதீர்கள். தீப்பிடிக்கும், வெடிக்கும். முதலில் கோபால்ட்டை ரெசினில் ஊற்றி நன்றாகக் கலக்க வேண்டும். கேட்டலிஸ்ட் வேலை தொடங்கும் நேரத்தில் கடைசியாகத்தான். அளக்கவும் இரண்டுக்கும் தனித்தனிக் குவளை. கேட்டலிஸ்ட் கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். உடனே தண்ணீரை ஊற்றிக் கழுவிக்கொண்டே இருங்கள், பிறகு மருத்துவமனைக்கு ஓடுங்கள். தண்ணீர் பாட்டிலில் கேட்டலிஸ்ட் வாங்கி வருகிற பழக்கத்தை யார் தொடங்கினார்களோ! வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள். மறுபடியும்: கோபால்ட்டும் கேட்டலிஸ்ட்டும் ஒன்றையொன்று நேராகத் தொடக் கூடாது.

குறைந்த பணத்தில் செய்கிறவர் எங்கே செலவழிக்க வேண்டும்? பின்பலகை, எரிபொருள் குழாய், இன்ஜினின் குளிர்நீர்ப் பம்பு. இந்த மூன்றிலும் பேரம் பேசாதீர்கள். கியர் ஆயில் பால்போல் வெளுத்து வந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது, சீல் மாற்ற வேண்டும். பம்பின் ரப்பர் இம்பெல்லர் பார்க்க நன்றாக இருந்தாலும் பல வருடம் கிடந்த இன்ஜினில் மாற்றித்தான் ஆக வேண்டும். வெடித்த பெட்ரோல் குழாயை டேப் சுற்றி ஓட்டுகிறவர்கள் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, படகின் அடியிலேயே தங்கும், ஒரு பீடித் துண்டு போதும். காலியான டேங்கைத் தாராளமாக வெல்டிங் வைக்கலாம் என்று நினைப்பது அதைவிட ஆபத்து. காலி டேங்கில் ஆவிதான் நிறைந்திருக்கிறது. பெயின்ட் எல்லாவற்றுக்கும் கடைசி. அதற்கும் முன்பு, அரசு வகுத்த நிறம் எது, பதிவு எண்ணை எங்கே, எந்த அளவில் எழுத வேண்டும் என்று அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். இன்ஜினை மாற்றினாலும் படகை நீட்டினாலும் பதிவில் அது ஏற வேண்டும். பழைய சான்றில் ஒரு இன்ஜின், படகில் வேறொரு இன்ஜின் என்றிருந்தால் கடலில் சோதனை வரும்போது பதில் சொல்ல முடியாது. பதிவு வேறு, மீன்பிடி உரிமம் வேறு என்பதும் நினைவிருக்கட்டும்.

பழைய மீன்பிடிப் படகை வாங்கி, இருக்கை போட்டு, கழிமுகத்தில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றலாம் என்று கணக்குப் போடுகிறவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன், வேண்டாம். 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் கவிழ்ந்து 22 பேரைக் கொன்றது மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டிய உல்லாசப் படகு. 2011 டிசம்பர் 25 அன்று நம் பழவேற்காட்டிலும் 22 பேர் செத்தார்கள். மீன்துறைப் பதிவு பயணிகளை ஏற்றச் செல்லாது. உள்நாட்டு நீர்நிலை என்றால் உள்நாட்டுக் கலங்கள் சட்டம், 2021-இன்படி தனிப் பதிவும் தனி ஆய்வுச் சான்றும் வேண்டும்.

'பதிவு இல்லாமலே எத்தனை படகு ஓடுது' என்பார்கள். ஓடட்டும். புயலில் படகு உடைந்தால் சேதக் கணக்கெடுக்க வருபவர் முதலில் கேட்பது பதிவு எண்ணை. வரிவிலக்கு டீசலுக்கும் அதுதான். பிரதமர் மத்ஸ்ய சம்பதா திட்டத்தின் குழு விபத்துக் காப்பீட்டில் மரணத்துக்கும் முழு ஊனத்துக்கும் 5 லட்சம், பகுதி ஊனத்துக்கு 2.5 லட்சம் ரூபாய் கிடைக்கும். அதற்கும் மீனவராக உங்கள் பெயர் பதிவாகியிருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கரையில் வீட்டார் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். திரும்ப நேரமானால் கடலோரக் காவல்படையின் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 ஆகிய எண்களை அழைக்கும்போது அந்த எண் உதவும்.

மெக்கானிக் ஏமாற்றினால்? பில் வாங்குங்கள், பில் இல்லாமல் வாதாட முடியாது. தொழிலுக்காக வாங்கியது, ஆகவே நுகர்வோர் வழக்கு செல்லாது என்று கடைக்காரர் மிரட்டுவார். தன் பிழைப்புக்காகத் தானே தொழில் செய்கிறவரை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 நுகர்வோராகவே ஏற்கிறது. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையத்தில் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுத்தாக வேண்டும். முதலில் 1915-க்குப் பேசலாம். ஆனால் பழைய படகைத் தனிநபரிடம் வாங்கி ஏமாந்தால் இந்த வழி பெரும்பாலும் உதவாது. அது போலீஸ் புகார், சிவில் வழக்கு என்று போகும். புகார் கொடுத்ததற்கு சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் காவல் நிலையத்தைவிட்டு வராதீர்கள்.

இனி அலுவலகத்தைப் பற்றி. 'ஆபீசர் கேம்ப் போயிருக்கார், அடுத்த வாரம் வாங்க' என்று ஒரு மீனவரைத் தொழில் நாளில் நான்கு முறை அலையவிடுவது அநியாயம். ஒரு நாள் கடலுக்குப் போகாவிட்டால் அன்றைய அடுப்பு எரியாது என்பது மேசைக்குப் பின்னால் இருப்பவருக்குத் தெரியாதா? எந்தச் சான்று குறைகிறது என்பதை ஒரே தடவையில் எழுதிக் கொடுக்க ஐந்து நிமிடம் ஆகாது. ஆகவே நீங்களும் வாயால் கேட்பதை நிறுத்துங்கள். பெயர் மாற்ற விண்ணப்பத்தை இரண்டு பிரதி கொண்டுபோய், ஒன்றில் தேதியும் அலுவலக முத்திரையும் வாங்குங்கள். இணையத்தில் போட்டிருந்தால் விண்ணப்ப எண்ணைக் குறித்து வையுங்கள். நகரவில்லை என்றால் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மீனவர் குறைதீர் கூட்டத்திலோ திங்கட்கிழமை குறைதீர் நாளிலோ மனுக் கொடுத்து மனு எண் வாங்குங்கள், அல்லது முதல்வரின் உதவி மையத்துக்கு 1100-இல் பேசுங்கள்.

அதற்கும் அசையாவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. ஒரு வெள்ளைத் தாளில் 'பொதுத் தகவல் அலுவலர், உதவி இயக்குநர் அலுவலகம்' என்று முகவரியிட்டு, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, இன்ன தேதியில் கொடுத்த இன்ன எண் விண்ணப்பம் இப்போது எந்த அலுவலரிடம், எந்தத் தேதியிலிருந்து, என்ன காரணத்தால் நிற்கிறது என்று மட்டும் கேளுங்கள். ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் அனுப்புங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு முதல் மேல்முறையீடு. அதன் பிறகும் மாநிலத் தகவல் ஆணையத்துக்குப் போக 90 நாள் அவகாசம் உண்டு.