கம்பெனி பஸ் தூக்கமும் ஒரு செய்திதான்: ஆப்பிரிக்கப் புகைப்படங்கள் நமக்குச் சொல்வது என்ன?

விடியற்காலை 5 மணி. பென்னலூர் பக்கம் சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் நின்றால், கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போவதைப் பார்க்கலாம். ஜன்னலில் சாய்ந்த தலை, கழுத்தில் அடையாள அட்டை, மடியில் டிபன் பை. காலை ஷிஃப்டுக்குப் போகிறவர்களும் தூங்குகிறார்கள், நைட் ஷிஃப்ட் முடித்துத் திரும்புகிறவர்களும் தூங்குகிறார்கள்.

ஆனால், ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் பகுதி என்றதும் செய்திகளில் பெரும்பாலும் வரும் படங்கள் வேறு: ஒப்பந்தக் கையெழுத்து, புது கார் அறிமுகம், இல்லையென்றால் மறியல். ‘பஸ்ல தூங்குறதைப் படம் எடுக்க என்னங்க இருக்கு?’ என்று கேட்கலாம். இருக்கிறது என்று காட்டியவை ஆப்பிரிக்கப் படங்கள்.

பஞ்சம் மட்டும்தான் ஆப்பிரிக்காவா?

1993-ல் சூடானில் கெவின் கார்ட்டர் எடுத்த, பட்டினியில் சுருண்ட குழந்தையும் கழுகும் இருக்கும் படம் உலகையே உலுக்கியது. மறு ஆண்டு புலிட்சர் விருதும் பெற்றது. அந்தப் படம் பொய் இல்லை. ஆனால், அதுபோன்ற படங்களை மட்டுமே பார்த்த உலகம், ஒரு கண்டத்தையே பஞ்சமும் போருமாக நினைத்துக்கொண்டது.

அதே கண்டத்தில், மாலி நாட்டின் பமாகோ நகரில் செய்து கெய்டா, மாலிக் சிடிபே இருவரும் தங்கள் ஸ்டூடியோக்களில் புதுத்துணி உடுத்தி வந்தவர்களைப் படமெடுத்து வந்தார்கள். 2012-ல் ஐவரி கோஸ்ட்டில் இரண்டு அமெரிக்கப் பத்திரிகையாளர்கள் செல்போனில் அன்றாடக் காட்சிகளை எடுக்கத் தொடங்கினார்கள். ‘எவ்ரிடே ஆப்பிரிக்கா’ பிறந்தது இப்படித்தான். பிறகு ஆப்பிரிக்கப் புகைப்படக்காரர்கள் பலரும் அதில் சேர்ந்தார்கள்.

ஒரு பஸ் பயணம் ஆவணமானது எப்படி?

பென்னலூருக்கு நெருக்கமான உதாரணம் தென்னாப்பிரிக்காவில் இருக்கிறது. நிறவெறி அரசு கறுப்பின மக்களைக் குவாண்டெபெலே என்ற பகுதிக்கு ஒதுக்கியது. வேலையோ தொலைவில், பிரிட்டோரியாவில். 1980-களில் டேவிட் கோல்ட்பிளாட் அவர்களோடு பஸ் ஏறினார். முதல் பஸ் அதிகாலை 2.45-க்கு. சிலருக்குப் போக வர ஒரு நாளில் 8 மணி நேரம் வரை பஸ்ஸிலேயே போனது. அவர் எடுத்ததில் அடிதடி இல்லை, ரத்தம் இல்லை. இருட்டில் போர்வை சுற்றித் தூங்கும் மனிதர்கள்தான். ஒரு சட்டம் மனிதனின் தூக்கத்தைக்கூட எப்படிப் பிடுங்கும் என்பது அதில் தெரிந்தது.

நம்ம ஊர் கம்பெனி பஸ் நிறவெறி பஸ் அல்ல. இரண்டையும் ஒன்றாக்கக் கூடாது. ஆனால், வீடு எங்கே, வேலை எங்கே, நடுவில் உடம்பு என்ன பாடுபடுகிறது என்ற கேள்வி இங்கேயும் உண்டு.

இங்கே நடப்பது என்ன?

2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டால் பெண் தொழிலாளர்கள் பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட, சக தொழிலாளர்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். அப்போதுதான் அவர்களின் விடுதி வாழ்க்கை பெரிய செய்தியானது. அதற்கு முந்தைய நாள் வரை அந்த அறைகளின் படத்தை நம்மில் எத்தனை பேர் பார்த்திருப்போம்?

வேறு வழி இருப்பதைத் தமிழ்நாட்டிலேயே காட்டுபவர் மதுரைக்காரரான எம். பழனிகுமார். ‘பாரி’ இணையதளத்துக்காகத் தூய்மைப் பணியாளர்களைத் தொடர்ந்து படமெடுப்பவர். மீன் விற்ற தன் தாயின் உழைப்பையும் பதிவுசெய்தவர். மரணம் நடந்த அன்று மட்டும் போகாமல், வேலையையும் வீட்டையும் சேர்த்துக் காட்டுவது இவர் வழி. உழைக்கும் குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கேமராவும் கற்றுத்தருகிறார்.

கேமரா யார் கையில்?

உலகம் படமெடுக்கும் செல்போன்கள் தயாராகும் பகுதி இது. ஆனால், பல ஆலைகளின் கேட்டில் தொழிலாளியின் போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள், அல்லது கேமரா மேல் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். தொழில் ரகசியம் என்பது காரணம்; சரி, இருக்கட்டும். பஸ்ஸுக்கும் விடுதி அறைக்கும் அந்த ஸ்டிக்கர் இல்லையே. பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அங்கே எடுக்கும் படம், நாளைக்கு இந்தப் பகுதியின் வரலாறாகலாம்.