கடல் கடக்கும் கட்டில்கள்

சென்னை - திருவள்ளூர் நெடுஞ்சாலையில் பாடியிலிருந்து ஆவடி வரை செல்பவர்கள், பழைய மரக்கடை வாசல்களில் அடுக்கப்பட்டிருக்கும் மரப்பலகைத் தட்டுகளைக் கண்டிருக்கக் கூடும். எங்கிருந்தோ இயந்திரங்களைச் சுமந்து வந்து, வேலை முடிந்ததும் ஒதுக்கப்பட்டவை அவை. அவற்றின் விளிம்பில் சூடு போட்டதுபோல ஒரு முத்திரை இருக்கும். கதிர் வடிவில் ஒரு சின்னம், நாட்டின் குறியீடு, பதப்படுத்திய நிறுவனத்தின் எண், 'எச்.டி.' அல்லது 'எம்.பி.' என்ற எழுத்துகள். நாம் பார்த்தும் பாராமலும் கடந்துவிடும் அந்த முத்திரையின் பொருளை, வெளிநாட்டில் குடியேறப் போகும் குடும்பங்கள் அறிந்துகொள்வது நல்லது.

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் இயந்திர உதிரிபாக ஏற்றுமதிப் பிரிவொன்றில் நெடுங்காலம் பணியாற்றியவன் நான். அன்று அங்கே கடைசல் இயந்திரம் இயக்கியவர்களின் பிள்ளைகள், இன்று அதே தொழிற்பேட்டையின் கண்ணாடிக் கட்டடங்களில் கணினி முன் அமர்ந்திருக்கிறார்கள். சில ஆண்டுகளில் மெல்போர்னுக்கும் டொராண்டோவுக்கும் குடும்பத்தோடு புறப்பட்டு விடுகிறார்கள். அப்படிப் புறப்படும் வீடுகளிலிருந்து என்னிடம் வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "கட்டிலையும் பீரோவையும் கப்பலில் அனுப்ப எவ்வளவு செலவாகும்?"

கேள்வியே இடம் மாறியிருக்கிறது. கட்டணம் கடைசியில் கேட்க வேண்டியது. அதற்கு முன் கேட்க வேண்டியவை நான்கு. இந்த மரத்துக்குள் உயிர் ஏதும் இருக்கிறதா? இது என்ன மரம்? இதன் வயது என்ன? பட்டியலில் இதைப் பற்றி என்ன எழுதியிருக்கிறோம்? இந்த நான்குக்கும் விடை இல்லாமல் ஏறும் மரச்சாமான், அக்கரையில் இறங்கும்போது சுமையாக மாறிவிடுகிறது.

முதலில் அந்த முத்திரை. 1996-இல் நியூயார்க்கில் ஆசிய நீளக்கொம்பு வண்டு கண்டறியப்பட்டது. சீனாவிலிருந்து சரக்கு வந்த மரப்பெட்டிகளில் அது பயணம் செய்திருக்க வேண்டும் என்பது அறிஞர்களின் முடிவு. 2002-இல் மிச்சிகன் மாநிலத்தில் கண்டறியப்பட்ட இன்னொரு ஆசிய வண்டு, வட அமெரிக்காவில் கோடிக்கணக்கான ஆஷ் மரங்களைக் கொன்றிருக்கிறது. சரக்கைவிட அதைச் சுமக்கும் பெட்டி ஆபத்தானது என்பதை உலகம் இப்படித்தான் கற்றுக்கொண்டது. அதே 2002-இல் சர்வதேசத் தாவரப் பாதுகாப்பு உடன்படிக்கையின் கீழ் 'ஐ.எஸ்.பி.எம். 15' என்ற பொது விதி உருவானது. பொதி கட்டப் பயன்படும் மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸ் வெப்பம் தொடர்ந்து 30 நிமிடங்கள் இருக்க வேண்டும், இதுவே 'எச்.டி.'. அல்லது மெத்தில் புரோமைடு வாயுவால் புகையூட்ட வேண்டும், இது 'எம்.பி.'. ஒட்டுப்பலகைக்கு இந்த விதி பொருந்தாது. பசையும் வெப்பமும் அழுத்தமும் கொண்டு அது உருவாவதே காரணம்.

இங்கேதான் நம்மவர்கள் தடுமாறுகிறார்கள். அந்த முத்திரை பெட்டிக்கு உரியது. பெட்டிக்குள் இருக்கும் கட்டிலுக்கு உரியது அன்று. "முத்திரை போட்ட பெட்டியில்தான் கட்டுகிறோம், ஒன்றும் பிரச்சினை வராது" என்று முகவர் சொல்வதைக் கேட்டு நிம்மதி அடைபவர்கள் பலர். இறக்குமதி செய்யும் நாட்டின் அதிகாரி பெட்டியின் முத்திரையைப் பார்த்துவிட்டு, பெட்டியைத் திறந்து கட்டிலையும் தனியே சோதிப்பார்.

மா, ரப்பர் போன்ற மரங்களிலும், மூங்கில், பிரம்பிலும் துளைப்பான் வண்டுகள் எளிதில் குடியேறும். கட்டில் காலடியில் மாவுபோல் தூள் கொட்டியிருந்தால், அது உளுத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். துடைத்துவிட்டு மெருகேற்றினால் தூள் மறையும். உள்ளிருக்கும் புழு மறையாது. வாரக்கணக்கில் நீளும் கப்பல் பயணத்தில் மீண்டும் தூள் கொட்டும். அக்கரையில் பெட்டியைத் திறப்பவரின் கண்ணில் முதலில் படுவதும் அதுவே.

புகையூட்டலிலும் ஒரு நுட்பம் உண்டு. பிளாஸ்டிக் தாளால் இறுகச் சுற்றிய பிறகு செலுத்தும் வாயு மரத்தைச் சென்றடையாது. எனவே புகையூட்டல் முதலில், சுற்றுதல் பிறகு என்பதே முறை. ரப்பர் நுரை மெத்தை, தோல், கம்பளி போன்றவை மெத்தில் புரோமைடுடன் வினைபுரிந்து நீங்காத துர்நாற்றம் பெறக்கூடும் என்பதால், அவற்றைத் தனியே பிரித்து வைக்க வேண்டும். ஓசோன் படலத்தைச் சிதைக்கும் இந்த வாயுவின் பிற பயன்பாடுகளை மாண்ட்ரியல் ஒப்பந்தம் கட்டுப்படுத்தியபோதும், தொற்றுத்தடுப்புக்காக விலக்கு அளித்திருக்கிறது. அந்த அளவுக்கு உலகம் இந்தப் பூச்சிகளுக்கு அஞ்சுகிறது.

இந்த அச்சம் மிகையானதா என்று கேட்பவர்களுக்குத் தமிழ்நாட்டிலேயே விடை இருக்கிறது. மத்திய அமெரிக்கப் பகுதியைச் சேர்ந்த பப்பாளி மாவுப்பூச்சி, 2008-இல் கோவையில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. பப்பாளியோடு நிற்காமல் மரவள்ளியையும் மல்பெரியையும் அது சூறையாடியது. அதன் இயற்கை எதிரியான ஒட்டுண்ணிக் குளவிகளை 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்துப் பெருக்கிவிட்ட பிறகே நிலைமை கட்டுக்குள் வந்தது. 2016-இல் பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளில் தென்பட்ட சுருள் வெள்ளை ஈயும் அயல்நாட்டு வரவுதான். அதனோடு விவசாயிகள் இன்றும் போராடிக்கொண்டிருக்கிறார்கள். நம் தோட்டத்துக்கு நேர்ந்தது தம் தோட்டத்துக்கு நேரக் கூடாது என்று இன்னொரு நாடு எண்ணுவதில் தவறில்லை.

அப்படி அந்த நாடுகள் அஞ்சும் பூச்சிகளில் ஒன்று நம் மண்ணுக்கு உரியது. இந்தியத் துணைக்கண்டத்தைப் பூர்வீகமாகக் கொண்ட கப்ரா வண்டு, சேமித்த தானியங்களை அழிப்பதில் பெயர்பெற்றது. அதன் புழு, உணவின்றியே ஆண்டுக்கணக்கில் இடுக்குகளில் ஒடுங்கிக் கிடக்கும் ஆற்றல் உள்ளது. 2020-இல் ஆஸ்திரேலியாவில் குளிர்பதனப் பெட்டிகள் வந்த பொதியிலும் குழந்தைகளுக்கான உயர நாற்காலி வந்த பொதியிலும் இந்த வண்டு கண்டறியப்பட்டது. அந்த ஆண்டே ஆஸ்திரேலிய அரசு அவசர நடவடிக்கையில் இறங்கி, தனியே அனுப்பப்படும் வீட்டுப் பொருள்களோடு அரிசி, துவரை, பாசிப்பயறு, நிலக்கடலை, சீரகம், கொத்தமல்லி விதை, வற்றல் மிளகாய் உள்ளிட்டவை வருவதைத் தடைசெய்தது. ஏறத்தாழ நம் அஞ்சறைப் பெட்டி முழுவதும் அந்தப் பட்டியலில் அடங்கிவிடுகிறது.

எனக்குத் தெரிந்த ஆவடிக் குடும்பம் ஒன்றின் அனுபவம் இது. மகள் மெல்போர்னுக்குக் குடியேறினாள். பீரோவைப் பொதி கட்டும் முன், தாயார் அதன் இழுப்பறையில் ஒரு படி அரிசியையும் மஞ்சள் கிழங்கையும் துணியில் முடிந்து வைத்தார். புது வீட்டுக்கு வெறும் பெட்டி போகக் கூடாது என்பது அவர் நம்பிக்கை. பொதி கட்ட வந்தவர்களே படிவத்தை நிரப்பினார்கள், 'உணவுப் பொருளோ தாவரப் பொருளோ இல்லை' என்ற இடத்தில் குறியிட்டார்கள், மகள் கையெழுத்திட்டாள். அக்கரையில் முடிச்சு அவிழ்ந்தது. அரிசி அழிக்கப்பட்டது, பொதி முழுவதும் மறுசோதனைக்கும் புகையூட்டலுக்கும் உள்ளானது, கிடங்கு வாடகை உட்பட எல்லாச் செலவும் மகள் தலையில் விழுந்தது. பீரோவின் விலையைத் தாண்டிய தொகை அது. "ஆசீர்வாதமாக நினைத்துத்தானே வைத்தேன்" என்று அந்தத் தாயார் என்னிடம் கலங்கினார். அவரைக் குறை சொல்ல என்னால் இயலவில்லை. எது கூடாது என்பதை அவர் மொழியில் அவருக்கு எடுத்துச் சொன்னவர் யாருமில்லை.

நம் வீடுகளில் சந்தேகத்துக்கு இடமின்றிப் புழங்கும் எத்தனையோ பொருள்கள் இந்த வகையில் சிக்கலுக்குரியவை. கொலு பொம்மைகளை வைக்கோல் சுற்றி அடுக்குவது நம் பழக்கம். அந்த வைக்கோலே தடைக்குரியது. வாசலில் தொங்கும் நெற்கதிர்க் கொத்து, விதை கலந்த இலவம்பஞ்சுத் தலையணை, அரிசி மாவுக் கோலப்பொடி, மண் ஒட்டிய துளசி மாடம், மாவு படிந்த ஆட்டுக்கல், தென்னை விளக்குமாறு ஆகியவற்றையும் இந்த வரிசையில் சேர்க்கலாம். பழைய செய்தித்தாளில் பொம்மையைச் சுற்றுங்கள். ஆட்டுக்கல்லைத் தேய்த்துக் கழுவிக் காயவையுங்கள். மற்றவற்றை இங்கேயே விட்டுவிடுங்கள்.

இரண்டாவது கேள்வி மரத்தின் பெயர். ஈட்டி அல்லது தோதகத்தி என்று நாம் அழைக்கும் மரம் சார்ந்த பேரினம் முழுவதும், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் 'சைட்டிஸ்' உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுக்குள் 2017 ஜனவரி முதல் வந்துவிட்டது. சிறிய கைவினைப் பொருள்களுக்கு எடை வரம்போடு விலக்கு உண்டு; ஈட்டிமரக் கட்டில் அந்த வரம்புக்குள் அடங்காது. சேரும் நாட்டின் விதியைப் பொறுத்து அனுமதி ஆவணம் தேவைப்படலாம். செம்மரம், சந்தன மரம் ஆகியவற்றின் ஏற்றுமதிக்கு இந்தியாவே கடுமையான கட்டுப்பாடு விதித்திருக்கிறது. வேறு சரக்கு என்று பொய்யாக எழுதிச் செம்மரம் கடத்தப்பட்ட நிகழ்வுகள் சென்னைத் துறைமுகத்துக்குப் புதியவை அல்ல என்பதால், சிவந்த மரம் எதுவாயினும் சுங்க அதிகாரிகள் ஐயத்தோடு பார்ப்பது இயல்பே. 'மரச்சாமான் - 4' என்று எழுதாமல், 'தேக்குமரக் கட்டில், பயன்படுத்தியது' என்று மரத்தின் பெயரோடு எழுதுவது பாதுகாப்பு.

மூன்றாவது, வயது. இந்த விதியை அறிந்தவர்கள் மிகக் குறைவு. தொல்பொருள்கள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டம், 1972-இன்படி, நூறாண்டு கடந்த கலைப்பொருள்களையும் கைவினைப் பொருள்களையும் தனியார் எவரும் நாட்டை விட்டு வெளியே அனுப்ப இயலாது. சுவடிகளுக்கு அந்த வரம்பு 75 ஆண்டுகள். கொள்ளுத்தாத்தா பர்மாத் தேக்கில் செய்வித்த செதுக்கு வேலைப்பாட்டு ஊஞ்சலும், பூசையறைத் தஞ்சாவூர் ஓவியமும் உங்கள் குடும்பச் சொத்து என்பதில் ஐயமில்லை. ஆனால், அவை நூறாண்டைக் கடந்திருந்தால், அவற்றைக் கடல் கடத்தும் உரிமை உங்களுக்கு இல்லை. பழமைத் தோற்றம் கொண்ட புதிய பொருளாக இருந்தால், இந்தியத் தொல்லியல் துறையிடம் 'தொல்பொருள் அன்று' என்ற சான்று பெற்ற பின்பே அனுப்ப வேண்டும். சான்று கைக்கு வருமுன் பொதி கட்டத் தொடங்கக் கூடாது.

நான்காவது, பட்டியல். குடிபெயர்வோரின் பயன்படுத்திய பொருள்களுக்குப் பெரும்பாலான நாடுகள் தீர்வை விலக்கு அளிக்கின்றன, நிபந்தனைகள்தான் வேறுபடுகின்றன. ஆஸ்திரேலியாவும் அமெரிக்காவும் பொதுவாக ஓராண்டுப் பயன்பாட்டை எதிர்பார்க்கின்றன; பிரிட்டன் ஆறு மாதங்களை. கனடாவில் குடியேறுவோர், பின்னால் வரவிருக்கும் பொருள்களின் பட்டியலை முதன்முறை அந்நாட்டில் இறங்கும்போதே சுங்க அதிகாரியிடம் அளிக்க வேண்டும். புறப்படுவதற்கு முந்தைய மாதம் பூந்தமல்லி நெடுஞ்சாலைக் கடையில் ஆசையாக வாங்கிய சோபா, இந்த விதிகளின் கண்ணில் 'பயன்படுத்திய வீட்டுப் பொருள்' ஆகாது. பட்டியலை யார் தட்டச்சு செய்தாலும், கையெழுத்திடுபவரே பொறுப்பாளி என்பதையும் மறக்கக் கூடாது.

இவ்வளவும் அறிந்த பிறகே செலவுக் கணக்கு. இருபது அடிச் சரக்குப் பெட்டகத்தின் கொள்ளளவு ஏறத்தாழ 33 கன மீட்டர். அதை நிரப்பும் அளவுக்குப் பொருள் இல்லாதவர்கள் பிறரோடு இடத்தைப் பகிர்ந்துகொள்கிறார்கள். அப்போது அடுத்தவர் பொதியில் பூச்சி இருந்தால், தாமதம் நமக்கும் சேர்த்தே. முகவர் தரும் விலைப்பட்டியலில் அக்கரைத் துறைமுகக் கட்டணம், சோதனைக் கட்டணம், புகையூட்டல் செலவு, கிடங்கு வாடகை ஆகியவை அடங்கியுள்ளனவா என்று எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். 'வீட்டு வாசல் வரை' என்ற சொல்லுக்குள் இவை அடங்கும் என்று நாமே எண்ணிக்கொள்வது ஏமாற்றத்தில் முடியும்.

குடும்பங்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று சொல்லி அரசின் பங்கைக் கடந்துபோக முடியாது. மத்திய அரசின் மண்டலத் தாவரத் தொற்றுத்தடுப்பு நிலையம் மீனம்பாக்கத்தில் இயங்குகிறது. அயலகத் தமிழருக்கென்று மாநில அரசில் தனித் துறையே இருக்கிறது. இரண்டும் இணைந்து, நாடு வாரியாக எது செல்லும், எது செல்லாது, எதற்கு எங்கே சான்று பெற வேண்டும் என்பதை எளிய தமிழில் நான்கு பக்கக் கையேடாக வெளியிடலாம். பொதி கட்டும் நிறுவனங்கள் அதை வாடிக்கையாளரிடம் கொடுத்துக் கையொப்பம் பெறுவதைக் கட்டாயமாக்கலாம். இதற்குப் பெரிய நிதி ஒதுக்கீடு எதுவும் தேவைப்படாது.

பிறந்த வீட்டுக் கட்டிலைத் தன்னோடு கொண்டு செல்ல விரும்பும் மகளின் ஆசை நியாயமானது. அந்தக் கட்டில் நல்ல மரமாகவும், உளுக்காததாகவும், உண்மையாக எழுதப்பட்ட பட்டியலோடும் சென்றால் தடையின்றிச் சேரும். நூறாண்டு கண்ட ஊஞ்சலோ திருநின்றவூரில் இருக்கும் தம்பி வீட்டுக் கூடத்திலேயே ஆடிக்கொண்டிருக்கட்டும். விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளைகள் அதில் ஏறி அமர எந்தச் சான்றும் தேவையில்லை.