பாட்டிக்கும் இங்கிலீஷ் வரும்!

நான் தமிழ் மீடியத்தில் பத்தாவது வரை படித்தவள். "பாட்டிக்கு இங்கிலீஷ் வராது" என்று என் பேரன் யாரிடமாவது சொல்லும்போது, சிரித்து மழுப்பினாலும் மனசு சுருக்கென்று வலிக்கும்.

கோடை விடுமுறைக்கு வந்தவன், 'வேர்டில்' விளையாட்டைச் சொல்லிக் கொடுத்தான். ஜோஷ் வார்டில் என்பவர் தன் துணைவிக்காக உருவாக்கி, 2021-ல் எல்லோருக்கும் வெளியிட்டதாம். மறைந்திருக்கும் ஐந்தெழுத்து ஆங்கில வார்த்தையை ஆறே முயற்சியில் கண்டுபிடிக்க வேண்டும்.

செல்போனை மூடி வைத்துவிட்டு, பழைய நோட்டில் விளையாடினோம். ஒருவர் வார்த்தையை மனசில் நினைக்க, மற்றவர் எழுதிப் பார்க்க வேண்டும். எழுத்து சரியான இடத்தில் இருந்தால் டிக். இடம் மாறியிருந்தால் வட்டம். எழுத்தே இல்லாவிட்டால் பெருக்கல் குறி.

ஒருநாள் இரண்டாவது முயற்சியில், பூமிக்கான 'எர்த்' என்று எழுதினேன். ஐந்து எழுத்துக்கும் வட்டம் போட்டான்! ஈ, ஏ, ஆர், டி, ஹெச்... எல்லாம் சரி, இடம்தான் தப்பு. குழம்பைக் கிளறிக்கொண்டே யோசித்தேன். கடைசி 'ஹெச்'சைத் தூக்கி முன்னால் வைத்தேன். அட, 'ஹார்ட்'! இதயம்!

வாயைப் பிளந்தவன், அன்று ராத்திரி என் மகளிடம் போனில், "பாட்டி மூணே சான்ஸ்ல கண்டுபிடிச்சுட்டாங்கம்மா!" என்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

தோழிகளே, முதல் வார்த்தையில் ஏ, ஈ, ஐ, ஓ, யூ ஆகியவற்றில் இரண்டாவது இருக்கட்டும். பாதி வேலை முடிந்துவிடும். நோட்டும் பென்சிலும் போதும், நீங்களும் விளையாடிப் பாருங்களேன்!

- ஒரு வாசகி, தஞ்சாவூர்