பறக்கத் தெரிந்தால் பிழைத்துவிடுமா?

கனடாவின் புல்வெளிகளில் எண்ணிலடங்காக் குட்டைகள் உண்டு. பனியுகத்தின் முடிவில் பனிப்பாளங்கள் உருகியபோது உண்டான பள்ளங்கள் அவை. பண்ணை வாத்துகளில் பெரும்பாலானவற்றுக்கு மூதாதையான மல்லார்ட் என்னும் காட்டு வாத்து, வசந்த காலத்தில் இங்கே கூட்டம் கூட்டமாக வந்து குஞ்சு பொரிக்கிறது.

தாய் வாத்து ஏறத்தாழ பத்து முட்டை இட்டு, சுமார் 28 நாள் அடைகாக்கும். பொரிந்து ஒரு நாள் ஆவதற்குள் குஞ்சுகள் தாயின் பின்னால் தண்ணீருக்கு நடக்க வேண்டும். இரையைத் தாய் ஊட்டாது. நீர்ப்பூச்சிகளைக் குஞ்சுகளே பிடித்துத் தின்ன வேண்டும். அப்பா வாத்தா? தாய் அடைகாக்கும்போதே அது கிளம்பிப் போயிருக்கும்!

இந்த முதல் இரண்டு வாரங்கள்தான் பொல்லாதவை. குஞ்சின் மேல் இருப்பது மெல்லிய தூவி மட்டுமே. குளிர்ந்த மழை விடாமல் பெய்தால் அது நனைந்து, சின்ன உடம்பின் சூடு மளமளவென்று இறங்கிவிடும். அதனால்தான் தாய் குஞ்சுகளை அடிக்கடி தன் உடலுக்கடியில் அணைத்துக்கொள்கிறது. மழையே பெய்யாவிட்டாலும் ஆபத்துதான். குட்டை வற்றினால் வேறு குட்டை தேடி நடக்க வேண்டும். புல்லுக்குள் நரி இருக்கும். தண்ணீரோரம் மிங்க் என்ற ஊனுண்ணி, மேலே கடற்காகம். பல ஆண்டுகளில் பாதிக்கும் குறைவான குஞ்சுகளே பறக்கும் பருவத்தை எட்டுகின்றன. இறப்பவற்றில் பெரும்பாலானவை இந்த இரண்டு வாரங்களிலேயே போய்விடுகின்றன.

தப்பியவற்றுக்கு 50 முதல் 60 நாளில் சிறகு முற்றும். நரி வந்தால் எழும்பிப் பறந்துவிடலாம். அப்பாடா என்கிறீர்களா? இலையுதிர் காலத்தில் வேட்டைப் பருவம் தொடங்கிவிடும். வேட்டைக்காரர்கள் நீரில் மிதக்கவிட்ட பொம்மை வாத்துகளைத் தம் இனம் என்று நம்பி இளசுகள் இறங்கிவிடும். இளசுகளே அதிகம் மாட்டுகின்றன என்பது எப்படித் தெரியும்? ஆய்வாளர்கள் வாத்துகளின் காலில் எண் பொறித்த உலோக வளையம் மாட்டி விடுகிறார்கள். சுட்டவர்கள் அந்த எண்ணைத் தெரிவிக்கிறார்கள். முதிர்ந்த வாத்துகளைவிட அந்த ஆண்டுக் குஞ்சுகளே அதிகம் சுடப்படுவதை அந்தக் கணக்கு காட்டுகிறது.

முதல் ஆண்டைத் தாண்டிய வாத்துக்கும் ஒரு சிக்கல் உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை அதன் பறக்கும் இறகுகள் எல்லாம் ஒரே சமயத்தில் உதிரும். புதியவை வளரும்வரை, மூன்று நான்கு வாரம், பெரிய வாத்துக்கும் பறக்க முடியாது. நாணலுக்குள் ஒளிந்துதான் இருக்க வேண்டும்.