தலையில் கிரீடம், தோளில் கட்டை, விடிய விடிய சண்டை! கூத்துக்காரர் கழுத்து தப்புவது எப்படி?

எலவனாசூர்கோட்டை:

ராத்திரி மணி மூன்று. கோவில் திடலில் பாய் விரித்துப் படுத்தவர்கள் எல்லாம் எழுந்து உட்கார்ந்து விட்டார்கள். திரையைத் தள்ளிக்கொண்டு துரியோதனன் வெளியே குதிக்கிறான். மிருதங்கம் அதிர்கிறது. முகவீணை வீறிடுகிறது. நின்ற இடத்திலேயே கிருக்கி அடிக்கிறான். ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து! பாவாடை குடை மாதிரி விரிகிறது. விசில் பறக்கிறது.

பார்க்கிறவர் கண்ணுக்கு அவன் அஸ்தினாபுரத்து ராஜா. உள்ளே இருக்கிற மனுஷனுக்குத்தான் தெரியும், கழுத்து படும் பாடு!

உளுந்தூர்பேட்டைக்கு மேற்கே, சேலம் ரோட்டில் இருக்கிறது எலவனாசூர்கோட்டை. ஊர்ப் பேரிலேயே கோட்டை. ஆனால் இந்த வட்டாரத்தில் இன்றைக்கும் கவசம் மாட்டிக்கொண்டு சண்டைக்குப் போகிறவர்கள் சிப்பாய்கள் அல்ல, கூத்துக்காரர்கள். பங்குனி பிறந்தால் ஆடி வரை பாரதக் கூத்து. அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று ராத்திரிக்கு ஒரு யுத்தம். அரவானுக்கு 18 நாள் சித்திரைத் திருவிழா எடுக்கும் கூவாகமும் இதே தாலுகாதான்.

பெயரே கட்டை!

இந்தக் கூத்துக்குக் கட்டைக்கூத்து என்றும் பெயர். ராஜா வேஷக்காரர் மேலே ஏற்றும் மர நகைகளுக்குத்தான் கட்டை என்று பெயர். தலைக்குக் கிரீடம். தோளுக்குப் புஜக்கட்டை. நெஞ்சுக்கு மார்புக்கட்டை. மேலே ரசக் கண்ணாடித் துண்டு, ஜிகினாத் தாள், வர்ணம். விளக்கு வெளிச்சத்தில் ஜொலிக்கும். கவசத்துக்குக் கவசம், நகைக்கு நகை.

இதையெல்லாம் கட்டிக்கொண்டு சும்மா நின்றால் பரவாயில்லை. பாட வேண்டும், தர்க்கம் பேச வேண்டும், குதிக்க வேண்டும், சுழல வேண்டும். ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்தால் பொழுது விடிந்துதான் அவிழ்க்கலாம். ஆகவே எடை என்பது இங்கே விளையாட்டுச் சமாசாரம் இல்லை. கட்டையைத் தப்பாகத் தேர்ந்தெடுத்தால் கழுத்து பிடிக்கும், தோள் இறங்கும். அடுத்த ராத்திரி அடுத்த ஊரில் ஆட்டம் இருக்கும், ஆள் இருக்கமாட்டார். ஆடாத ராத்திரிக்குக் கூலி ஏது?

தேக்கு வேண்டாம்!

கள்ளக்குறிச்சி மரச்சிற்பம் ஊரறிந்த சரக்கு. 2021-ல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. அதே தேக்கில் கிரீடம் செதுக்கினால் என்ன என்று கேட்கலாம். செதுக்கலாம், சாமிக்குச் சாத்தலாம். மனுஷன் தலையில் வைக்க முடியாது!

கணக்கைப் பாருங்கள். ஒரு கன அடி தேக்கு சுமார் 18 கிலோ. கூத்துக்கட்டைக்குப் பழைய ஆட்கள் தேடிப் போன மரம் கல்யாண முருங்கை. அதே ஒரு கன அடி, தேக்கில் பாதி எடைகூட வராது. முள்முருங்கை என்று சொல்வார்களே, சளிக்கு இலையைப் பறித்து அடை சுடுவார்களே, கல்யாணப் பந்தலில் கிளை நடுவார்களே, அதே மரம்தான். விறகுக்குக் கூட லாயக்கில்லை என்று ஒதுக்கப்படும் மரம். அந்த மட்டமான குணம்தான் கூத்துக்காரனுக்கு வரம். மெத்தென்று உளிக்கு இளகும், காய்ந்தால் நெட்டி மாதிரி லேசாகிவிடும்.

இந்தக் கெட்டிக்காரத்தனம் நம்மோடு நிற்கவில்லை. கேரளத்துக் கதகளிக் கிரீடமும் குமிழ் மரத்தில்தான் கடைகிறார்கள். அதுவும் லேசு ஜாதி.

ஆனால் முருங்கைக்கும் சனி பிடித்தது. விஞ்ஞானிகள் 2004-ல் பெயர் சூட்டிய ஒரு பொடிக் குளவி, இந்த மரத்தின் இலையிலும் குருத்திலும் முட்டையிட்டு முடிச்சு முடிச்சாக வீங்க வைத்துவிடும். ஆசியா முழுக்கப் பரவி, அடுத்த ஒன்றிரண்டு வருஷத்திலேயே தென்னிந்தியாவுக்கும் வந்து சேர்ந்தது. கேரளத்தில் மிளகுக் கொடி படர வைத்திருந்த முருங்கைகள் பட்டுப்போயின. கண்ணுக்குத் தெரியாத பூச்சி, கௌரவர் கிரீடத்திலேயே கை வைத்துவிட்டது!

தெர்மாகோலா? ரப்பரா?

மரம் கிடைக்கவில்லை என்றால் வேறு என்ன? சட்டென்று கை போவது தெர்மாகோலுக்கு. கன அடி அரை கிலோதான். ஸ்டேஷனரி கடையிலேயே கிடைக்கும். பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்குச் சரி. கூத்துக்கு? ஒரு தட்டு தட்டினால் பொரிப் பொரியாக உதிரும். செருப்புக்கு ஒட்டுகிற பசையைத் தடவினால் கரைந்து ஓட்டை விழும். எல்லாவற்றையும் விட ஆபத்து, நெருப்பு. வேஷக்காரருக்குக் கற்பூரம் காட்டுவார்கள். சில ஊர்களில் தீவட்டியில் குங்கிலியம் தூவிப் புறப்பாடு விடுவார்கள். ஒரு பொறி போதும். உருகித் தோலில் ஒட்டினால் விபரீதம்!

அடுத்தது, குழந்தைகள் விளையாடத் தரையில் கோத்துப் போடும் கலர் பாய். ஈ.வி.ஏ. என்கிற நுரை ரப்பர். செருப்பு அடிப்பாகத்திலும் இதுதான். வெள்ளைக்காரன் ஊரில் வேஷம் கட்டிச் சண்டை போடுவதே ஒரு விளையாட்டு. 'லார்ப்' என்பார்கள். அமெரிக்காவில் 1977-ல் டாகோர்ஹிர் என்ற கோஷ்டி ஆரம்பித்தது. இங்கிலாந்தில் 1982-ல் பெக்ஃபோர்டன் கோட்டையையே பிடித்து 'ட்ரெஷர் ட்ராப்' என்று நடத்தினார்கள். கத்தியும் நுரை, இப்போது பலருக்குக் கவசமும் நுரை. கன அடிக்கு மூன்று கிலோவைத் தாண்டுவது அபூர்வம். கத்தியால் வெட்டலாம். சூடு காட்டினால் வளையும், ஆறினால் அப்படியே நிற்கும். மேலே பசையோ பெயிண்டோ பூசினால் இரும்பு மாதிரி தெரியும்.

அசல் இரும்பு என்ன எடை தெரியுமா? ஐரோப்பியப் பிரபுக்கள் மாட்டிய முழுக் கவசம் 15 முதல் 25 கிலோ. அதையும் மாட்டிக்கொண்டு ஓடினார்கள், குதிரை ஏறினார்கள். எப்படி? எடை ஒரே இடத்தில் உட்காராமல் கை, கால், இடுப்பு என்று உடம்பு பூராவும் பிரிந்து கிடந்தது. விஷயம் அங்கேதான் இருக்கிறது!

நுரையிலும் வில்லங்கம் உண்டு. காற்றே புகாது. குளிர் தேசத்தில் சுகமாக இருக்கும். நம்ம சித்திரை வெயிலில் பத்து நிமிஷத்தில் பனியன் பிழியலாம். நெருப்பு பட்டால் இதுவும் உருகும். தவிர, மரக்கட்டையில் கண்ணாடி பதித்தால் வருஷக்கணக்கில் நிற்கும். வளைந்து கொடுக்கிற நுரையில் பதித்தால் தெறித்துவிடும்.

எது கனம்?

ஆக, தராசில் நிறுத்துப் பார்த்து வாங்கினால் போதாது. கனம் எங்கே உட்காருகிறது என்று பார்க்க வேண்டும். கிரீடத்தில் ஏறும் ஒவ்வொரு கிராமும் நேரே கழுத்துக்குப் போகும். உயரம் கூடினால் இன்னும் மோசம், குனிந்தால் முன்னால் இழுக்கும். புஜக்கட்டை தோளை விட்டு எவ்வளவு வெளியே நீட்டுகிறதோ, சுழலும்போது அவ்வளவு வெளியே இழுக்கும். கிருக்கி நிற்கும் நேரத்தில் ஆளைத் தள்ளிவிடும். மார்புக்கட்டை கொஞ்சம் கனத்தாலும் உடம்பு தாங்கும். ஆனால் இறுக்கிக் கட்டினால் மூச்சு போய்விடும். பாட்டு எங்கே வரும்?

கட்டிப் பார்க்காமல் வாங்கவே கூடாது. முதலில் தலையில் துணியை நெருக்கிச் சுற்றி, அதன் மேல்தான் கிரீடம். நுனி வரை குனிந்து நிமிர வேண்டும். தலையை இரண்டு பக்கமும் உதற வேண்டும். அசைந்தால் ஒதுக்கு. இரண்டு கையையும் காதை ஒட்டித் தூக்க வேண்டும். புஜக்கட்டை கன்னத்தில் இடித்தால் அதுவும் ஆகாது. கண்ணாடி ஓரத்தில் விரலை ஓட்டிப் பார்க்க வேண்டும். முக்கியமாகக் காது! காதை மூடினால் தாளம் கேட்காது. தாளம் கேட்காத ராஜாவுக்குக் கால் எங்கே போகும்?

வேஷக்காரர் கஷ்டம் இப்போது டவுன் ஜனங்களுக்கும் கொஞ்சம் தெரிய வந்திருக்கிறது. 2024-ல் வந்த 'ஜமா' படம் கூத்து ஜமாவைப் பற்றியதுதான். காஞ்சிபுரம் பக்கம் 1990-ல் கட்டைக்கூத்துச் சங்கம் தொடங்கி, 2002-ல் குருகுலமும் வைத்துப் பிள்ளைகளுக்குக் கூத்தும் படிப்பும் சேர்த்துச் சொல்லிக் கொடுத்தார்கள். அந்தக் குருகுலம் 2020-ல் மூடப்பட்டது.

படுகளத்தில்தான் பரீட்சை!

ராத்திரி ஆட்டம் எப்படியோ ஓடிவிடும். கட்டைக்கு அசல் பரீட்சை கடைசி நாள் படுகளம். திடலில் மண்ணால் துரியோதனனை மல்லாக்கப் படுக்கவைத்திருப்பார்கள், ஆள் உயரத்தைப் போல் பல மடங்கு. வெயில் ஏறிவிட்டிருக்கும். பீமனும் துரியோதனனும் முழு வேஷத்தில் கதையைத் தூக்கிக்கொண்டு மண் மேட்டைச் சுற்றிச் சுற்றி ஓடுவார்கள். ஜனங்களும் கூடவே ஓடும். சில பேருக்கு ஆவேசம் வந்துவிடும். நாலு பேர் சேர்ந்து பிடித்தால்தான் அடங்கும்.

அந்தத் தள்ளுமுள்ளில் கட்டை நழுவக் கூடாது, உடையக் கூடாது, பிடிக்கிறவர் கையைக் கிழிக்கக் கூடாது. அவிழ்க்க வேண்டுமென்றால் ஒரே இழுப்பில் கயிறு வர வேண்டும். முடிச்சைக் குருட்டு முடிச்சாகப் போட்டவனுக்கு அன்றைக்கு வசவுதான்.

பீமன் தொடையில் அடிக்கிறான். மண்ணுக்குள் வைத்த சிவப்புத் தண்ணீர் பீறிடுகிறது. திரௌபதி கூந்தல் முடிகிறாள். கூட்டம் தீமிதிக்குக் கிளம்புகிறது.

துரியோதனன் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கிரீடத்தைக் கழற்றுகிறார். நெற்றியில் கயிறு பதிந்த தடம். அரிதாரம் வேர்வையில் வழிகிறது. விழுந்த கண்ணாடி எத்தனை என்று எண்ணிப் பார்த்துவிட்டு, பழந்துணியில் சுற்றிக் கட்டையைப் பெட்டியில் வைக்கிறார். அடுத்த ஊருக்குப் பெட்டியை ஏற்ற வண்டி வந்து நிற்கிறது.