டேங்க் பேக்டரியும் உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரும்

கனகம்மாசத்திரத்தில் பஸ் ஏறி சென்னைப் பக்கம் வந்தால் திருவள்ளூர், திருநின்றவூர் தாண்டி பட்டாபிராம் வரும். அங்கே 2024 நவம்பரில் திறக்கப்பட்ட 21 மாடி டைடல் பார்க் நிற்கிறது. அடுத்து ஆவடி. 1961-ல் அமைந்த கனரக வாகனத் தொழிற்சாலை இங்கேதான் இருக்கிறது. பஸ் கண்டக்டரிடம் இந்தப் பெயரைச் சொல்ல வேண்டாம், "டேங்க் பேக்டரி" என்றால் போதும். இன்னும் கொஞ்ச தூரத்தில் அம்பத்தூர் தொழிற்பேட்டை. ராணுவ டாங்கி, உதிரி பாகம், சாப்ட்வேர் மூன்றும் ஒரே சாலையில் இருக்கின்றன.

சரி, இதற்கும் நீங்கள் போன மாதம் வாங்கி, கீபோர்டின் பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் எடுக்காமல் வைத்திருக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம்? நிறையவே இருக்கிறது.

அமெரிக்க ராணுவம் பீரங்கிக் குண்டு எங்கே போய் விழும் என்று கணக்குப் போடப் பணம் கொடுத்துச் செய்த கம்ப்யூட்டர்தான் எனியாக். 1946-ல் உலகுக்குக் காட்டப்பட்டது. சுமார் 18,000 வால்வுகள், 30 டன் எடை. மின்சாரம்? சுமார் 150 கிலோவாட். நம் ஊர்க் கணக்கில் சொன்னால், தமிழக அரசு 2016-ல் வீடுகளுக்கு இரண்டு மாதத்திற்கு இலவசமாகத் தரத் தொடங்கிய 100 யூனிட்டை எனியாக் 40 நிமிடத்தில் தின்று தீர்த்துவிடும். உங்கள் லேப்டாப் 50 வாட் எடுப்பதாக வைத்துக் கொள்ளுங்கள். இரவு பகலாக 60 நாள் ஓடினாலும் 72 யூனிட்தான். செய்யும் வேலையோ எனியாக்கைவிடப் பல லட்சம் மடங்கு.

இந்த மாற்றத்துக்குக் காரணம் சிப். அதற்கும் முதல் வாடிக்கையாளர் ராணுவம்தான். 1960களின் தொடக்கத்தில் ஒரு சிப் சுமார் 50 டாலர். அந்த விலைக்கு எந்த ரேடியோ கம்பெனி வாங்கும்? மினிட்மேன் ஏவுகணைக்கும் சந்திரனுக்குப் போன அப்போலோவுக்கும் அமெரிக்க அரசு விலை பார்க்காமல் வாங்கியது. வாங்க வாங்கத் தயாரிப்பு பெருகியது. 1968-க்குள் விலை மூன்று டாலருக்குக் கீழே இறங்கியது. இன்டர்நெட்டின் தாத்தாவான அர்பாநெட்டும் ராணுவப் பணம்தான். 1969 அக்டோபர் 29 அன்று "லாகின்" என்று ஆங்கிலத்தில் அனுப்ப முயன்றார்கள். இரண்டு எழுத்து போனதும் சிஸ்டம் கிராஷ் ஆகிவிட்டது! ஆகவே உங்கள் கம்ப்யூட்டர் முதல் நாளே நின்று போனால் கவலைப்பட வேண்டாம்.

அப்படியானால் ராணுவத்துக்கு அதிகம் செலவழித்தால் நாடு பணக்கார நாடாகிவிடுமா? இல்லை. சோவியத் யூனியன் தன் உற்பத்தியில் அமெரிக்காவைவிடப் பெரிய பங்கை ராணுவத்தில் கொட்டியது. அங்கே வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருப்பதே அபூர்வம். ஜப்பான் 1976-ல் ராணுவச் செலவை நாட்டு உற்பத்தியில் ஒரு சதவீத அளவுக்குள் கட்டுப்படுத்த முடிவு செய்தது. 1980களில் மெமரி சிப் தயாரிப்பில் அமெரிக்காவையே முந்தியது. பணத்தின் அளவைவிட, கண்டுபிடித்தது காம்பவுண்டு சுவரைத் தாண்டி வெளியே வந்ததா என்பதுதான் கேள்வி என்பது என் கருத்து. சோவியத்தில் அது பூட்டிய அறைக்குள்ளேயே இருந்தது.

நம் நாட்டில் கதை வேறு மாதிரி. 1980களில் சக்தி வாய்ந்த க்ரே சூப்பர் கம்ப்யூட்டரை இந்தியாவுக்குத் தர அமெரிக்கா மறுத்தது. அணுகுண்டு, ஏவுகணைக் கணக்குகளுக்குப் பயன்படுத்திவிடுவார்கள் என்ற பயம். 1988-ல் புனேயில் சி-டாக் தொடங்கப்பட்டது. 1991-ல் 'பரம் 8000' தயார். ஐ.ஐ.டி. கான்பூரில் பிறந்த 'ஜிஸ்ட்' என்ற இந்திய மொழித் தொழில்நுட்பத்தை வளர்த்துப் பரப்பியதும் இதே சி-டாக்தான். திரையில் தமிழ் தெரிய ஒரு கார்டைச் செருகிய காலம் அது. சூப்பர் கம்ப்யூட்டரைவிட இந்தப் பலன்தான் சாதாரண மக்களுக்கு முதலில் வந்து சேர்ந்தது.

2025-26 பட்ஜெட்டில் பாதுகாப்புக்கு ஒதுக்கியது சுமார் 6.81 லட்சம் கோடி ரூபாய். நூறு ரூபாய் என்று வைத்தால் ஏறத்தாழ 24 ரூபாய் பென்ஷன். ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வுக்கு நான்கு ரூபாய்க்கும் குறைவு. பென்ஷனைக் குறை சொல்லவில்லை. வேலூர் பக்கம் கம்மவான்பேட்டையை 'ராணுவப்பேட்டை' என்றே சொல்வார்கள். அப்படிப்பட்ட ஊர்களில் கடைத்தெரு ஓடுவதற்கு அந்தப் பணமும் ஒரு காரணம். பேரனுக்குக் கம்ப்யூட்டர் வாங்கித் தரும் தாத்தாக்களும் உண்டு. ஆனால் புதிய சிப் அதிலிருந்து வராது.

இன்னொரு விஷயம் மின்சாரம். 1973-ல் மேற்கு ஆசியப் போரை ஒட்டி கச்சா எண்ணெய் விலை சில மாதங்களில் சுமார் மூன்று டாலரிலிருந்து பன்னிரண்டு டாலரை நெருங்கியது. உலகமே ஆடிப் போனது. நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். 2012-ல் சென்னைக்கு வெளியே தினமும் பல மணி நேரம் கரண்ட் கிடையாது. லேத் பட்டறைக்காரர் வாசலில் உட்கார்ந்திருப்பார். நான் நான்கு பக்கம் டைப் செய்து சேவ் செய்யாமல் இழந்ததும் அந்த வருடம்தான். இன்று அம்பத்தூரில் இருக்கும் டேட்டா சென்டர்களுக்கு ஒரு நொடிகூட மின்சாரம் நிற்கக் கூடாது. சாப்ட்வேர் வளர வேண்டுமென்றால் அதற்கு முன் மின் உற்பத்தி வளர வேண்டும்.

உங்கள் பங்குக்கு இதைச் செய்யுங்கள். டெஸ்க்டாப் என்றால் யு.பி.எஸ். இல்லாமல் இயக்காதீர்கள். செட்டிங்ஸில் 'பவர்' பகுதிக்குச் சென்று, பத்து நிமிடம் தொடாவிட்டால் திரை அணையும்படி அமைத்துவிடுங்கள். அடிக்கடி கன்ட்ரோல் + எஸ் அழுத்தவும்.